ஐந்து பூதங்களோடு ஒரு பிற்பகல்

என் தங்கை எனக்குச் செய்த நன்மைகளை எழுதப் போனால் ஒரு நோட்டு போதாது. அதில் ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பேருந்துப் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எழுத்தில் அலங்காரம் வராது. நடந்ததை நடந்த வரிசையில் சொல்லத் தெரியும்.

அவளுக்கு என்னைவிட ஒன்பது வயது குறைவு; இப்போது முப்பத்தேழு. ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில், அறுவை சிகிச்சைக் கருவிகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் இருக்கிறாள். மேலேயிருந்து கறையோடு இறங்கி வரும் கத்தரிகளையும் இடுக்கிகளையும் கழுவி, ஒவ்வொன்றாக விளக்கின் கீழ் திருப்பிப் பார்த்து, ட்ரேயில் அடுக்கி, பட்டியலோடு ஒப்பிட்டு, துணியில் சுற்றி நீராவி இயந்திரத்துக்குள் அனுப்ப வேண்டும். நாற்பத்திரண்டு கருவி என்றால் நாற்பத்திரண்டுதான். ஒருமுறை ஒரு சின்ன கிளாம்ப் குறைந்துவிட்டது. மருத்துவர் போனில் கத்தினாராம்: "ஒண்ணுதானேம்மா, மிச்சத்தை அனுப்பு!"

"அந்த ஒண்ணு எங்க இருக்குன்னு தெரிஞ்சதும் அனுப்பறேன் சார்" என்று சொல்லி, போனை வைத்துவிட்டுத் தேடியிருக்கிறாள். அழுக்குத் துணி மூட்டைக்குள் அது கிடைத்த பிறகுதான் ட்ரே மேலே போனது. அந்த மருத்துவருக்கு இன்றைக்கும் அவள் முகம் தெரியாது.

நீராவி இயந்திரம் ஒரு சுற்று முடிக்க ஐம்பது நிமிடம் ஆகும். அதற்குள் அடுத்த ட்ரே வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வேலையை விட்டுப் போன ஒரு செவிலி, "நீ வச்சுக்கோ, எனக்கு இனி நேரமிருக்காது" என்று தன் கையடக்க விளையாட்டுக் கருவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் இருந்தது ஒரு மான்ஸ்டர் விளையாட்டு. காட்டிலும் குகையிலும் திரியும் விசித்திர உயிர்களைப் பிடித்து, வளர்த்து, மற்றவர்கள் வளர்த்தவற்றோடு மோத விட வேண்டும். எங்கள் வீட்டில் அவற்றுக்குப் பூதங்கள் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவள் என் மனைவி.

"என்ன நாத்தனாரே, உன் பூதமெல்லாம் சாப்பிட்டாச்சா? இல்ல, அதுங்களுக்கும் சேர்த்து உலை வைக்கணுமா?" என்று மாடிப்படிக்குக் கீழே நின்று குரல் கொடுப்பாள்.

"அதுங்க உங்க சமையலைச் சாப்பிட்டா போட்டிக்கு லாயக்கில்லாம போயிடும் அண்ணி" என்று மேலேயிருந்து பதில் வரும். இருவருக்கும் இப்படிப் பேசாவிட்டால் பொழுது போகாது.

பொழுதுபோக்கு எப்படிப் போட்டியானது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஒருநாள் பத்துப் பன்னிரண்டு பக்கத் தாள் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் ஊர் உள்விளையாட்டு அரங்கில் நடக்கும் போட்டியின் விதிகள். "அண்ணா, இதைப் படிச்சுப் பாரேன். உனக்குப் பிடிக்கும்" என்றாள்.

எனக்குப் பிடித்தது. விளையாட்டு பிடிபடவில்லை, விதிகள் பிடிபட்டன. ஒருவர் ஆறு பூதங்களைக் கொண்டுவரலாம். ஒரே இனத்தில் இரண்டு கூடாது. ஒவ்வொன்றும் கையில் ஒரு பொருள் வைத்திருக்கலாம். ஒரே பொருளை இரண்டு பூதங்கள் வைத்திருக்கக் கூடாது. மிகப் பெரிய பலம் கொண்ட முப்பத்தொரு பூதங்களுக்கு அரங்கத்துக்குள் அனுமதியே இல்லை. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது வேறொன்று. பத்து வருடம் வளர்த்ததாக இருந்தாலும் சரி, போன மாதம் பிடித்ததாக இருந்தாலும் சரி, களத்தில் இறங்கியதும் எல்லாப் பூதங்களும் ஐம்பதாம் நிலைக்கு வந்துவிடும்.

"பாத்தியா? அங்க போனா பெரிய ஆளு, சின்ன ஆளுன்னு ஒண்ணும் கிடையாது. எல்லாருக்கும் அம்பதுதான்" என்றாள். அடித்தளத்தில் பதின்மூன்று வருடம் வேலை செய்தவள் அதைச் சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் ஆட்டக்காரர் தன் ஆறு பூதங்களைப் பற்றி ஒரு பட்டியல் எழுதித் தர வேண்டும். இனம், கையிலுள்ள பொருள், நான்கு வித்தைகள், பலம், காப்பு, வேகம் என்று எல்லாம் எண்ணோடு இருக்க வேண்டும். என் தங்கையின் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதனால் அவள் குறித்துக் கொடுப்பதைப் பார்த்து நான் நல்ல தாளில் எழுதித் தருவேன். கிடங்கில் இருபத்தாறு வருடமாகப் பதிவேடு எழுதுகிறவன்; என் எண்கள் அச்சு மாதிரி இருக்கும். அவள் வாங்கி, கீழே கையெழுத்துப் போட்டு, பையில் வைத்துக்கொள்வாள். இப்படிப் பத்துப் போட்டிகள். ஒருமுறை ஒன்பதாவதாக வந்தாள், ஒருமுறை பதினொன்றாவது. முதல் எட்டுப் பேருக்குத்தான் நாடளவிலான போட்டிக்கு அழைப்பு. அந்த எட்டுக்குள் வர வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

பதினோராவது போட்டிக்கு அவள் இரண்டு மாதம் மெனக்கெட்டாள். அவளிடம் கல் ஓடு போர்த்திய, ஆமை மாதிரியான பூதம் ஒன்று உண்டு. அதை அவள் பாறை என்று கூப்பிடுவாள். அடுத்த ஆண்டு முதல் பாறையின் இனத்துக்குப் போட்டியில் இடமில்லை என்று அறிவித்துவிட்டார்கள். இந்த ஆண்டின் நாடளவிலான போட்டி வரைதான் அதற்கு ஆயுள். இந்த முறை தவறினால் பாறையோடு மேலே போகிற வாய்ப்பு இனி வராது.

போட்டிக்கு முந்தைய நாள் மதியம் குறிப்பை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். நான் எழுத உட்கார்ந்தேன். முதல் பூதம் முடிந்தது. இரண்டாவது பாறை. வேகம் என்ற இடத்தில் முப்பத்தாறு என்று இருந்தது. பேனா நின்றது. என்னிடம் பழைய பட்டியல்களின் நகல் உண்டு. எடுத்துப் பார்த்தேன். பாறையின் வேகம் போன முறை அறுபத்து மூன்று. அதற்கு முந்தைய முறையும் அறுபத்து மூன்று.

கிடங்கில் வேலை செய்கிறவனுக்கு இதைவிடப் பழக்கமான பிழை கிடையாது. பியரிங் எண்ணில் அறுபத்து மூன்றை முப்பத்தாறு என்று மாற்றி எழுதி, தவறான சாமான் வந்து, வண்டி நாள் கணக்கில் நின்றதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட பிழைகளைப் பிடிப்பதில் எனக்குப் பெயர் உண்டு. அசதியில் மாற்றி எழுதிவிட்டாள் என்று முடிவு செய்தேன். இரண்டு மாதம் பாடுபட்டு யாராவது ஒரு பூதத்தை மெதுவாக்குவார்களா? அறுபத்து மூன்று என்று அழகாக எழுதினேன். அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்ற திருப்தி வேறு.

மறுநாள் காலை அவள் வழக்கம்போல் கையெழுத்துப் போட்டாள். படிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் சொல்ல மறந்துபோனேன்.

அரங்கில் அறுபத்து நான்கு பேர். நீள மேசைகள், எதிரெதிர் நாற்காலிகள், மேசைகளைச் சுற்றி ஒரு சிவப்புக் கயிறு. பார்வையாளர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம். கயிற்றைத் தாண்டிப் போயோ, இந்தப் பக்கம் நின்றோ யாராவது ஆட்டத்தைப் பற்றிப் பேசினால், யாருக்காகப் பேசினார்களோ அந்த ஆட்டக்காரர் அந்தச் சுற்றையே இழப்பார். இந்த விதியும் அந்தத் தாள் கட்டில் இருக்கிறது. மொத்தம் ஏழு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று ஆட்டம், இரண்டில் ஜெயித்தால் சுற்று கைக்கு வரும். குறைந்தது ஐந்து சுற்றில் ஜெயித்தால்தான் எட்டுக்குள் வருவதைப் பற்றி யோசிக்கலாம்.

முதல் மூன்று சுற்றையும் அவள் ஜெயித்தாள். பாறை எப்படி ஜெயித்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஆமை மாதிரி நின்றுகொண்டு முதல் அடியை அதுதான் அடித்தது. பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவளுடைய இன்னொரு பூதத்திடம் ஒரு வித்தை இருக்கிறது. அதைப் போட்டால் சில நிமிடத்துக்கு உலகம் தலைகீழாகும், எது மிக மெதுவானதோ அதுதான் முதலில் அடிக்கும். அதற்காகவே பாறையை இரண்டு மாதம் பாடுபட்டு, இருப்பதிலேயே மெதுவானதாக வளர்த்திருக்கிறாள். முப்பத்தாறு பிழை இல்லை. அந்த முப்பத்தாறுதான் அவளுடைய இரண்டு மாதம்.

நான்காம் சுற்றுக்கு முன் நடுவர் ஒருவர் அவள் மேசைக்கு வந்தார். ஒவ்வொரு சுற்றிலும் யாராவது இரண்டு பேரின் பட்டியலை எடுத்து, கருவியில் இருப்பதோடு ஒப்பிடுவார்கள். நான் கயிற்றை ஒட்டிய முதல் வரிசையில் இருந்தேன். என் எழுத்தை வைத்துச் சோதிக்கிறார்கள் என்று பெருமையாகக்கூட இருந்தது. நடுவரின் விரல் இரண்டாவது கட்டத்தில் நின்றது.

"மேடம், வேகம் லிஸ்ட்ல அறுபத்து மூணுன்னு இருக்கு. உங்க மெஷின்ல முப்பத்தாறு காட்டுது."

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். மூன்று விநாடி இருக்கும். "மெஷின்ல இருக்கறதுதான் சரி" என்றாள்.

"அப்ப லிஸ்ட் தப்பு."

"ஆமா, தப்பு."

"ஒரே இனத்துல ரெண்டை வச்சுக்கிட்டு, சுத்துக்குச் சுத்து மாத்தி இறக்கறவங்க இருக்காங்க மேடம். உங்களைச் சொல்லல. அதனாலதான் விதி இவ்வளவு கறார். இதை எழுதினது நீங்களா? வேற யாராவது எழுதிக் குடுத்திருந்தா சொல்லுங்க, நான் குறிச்சுக்கறேன். பெரிய ஜட்ஜ் பார்த்து வெறும் எச்சரிக்கையோட விட்டாலும் விடுவாங்க."

சொல்லு, சொல்லு என்று மனசுக்குள் கத்தினேன். சொன்னால் பாறை பிழைக்கும்.

"கீழ கையெழுத்து என்னோடது தம்பி" என்றாள். "கையெழுத்துப் போட்டவங்கதான் பொறுப்புன்னு விதியிலயே இருக்கே. அதை மாத்திச் சொல்ல எனக்கு வராது."

நடுவர் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார். அன்று முழுவதும் பாறை ஆடக் கூடாது. நான்காம் சுற்றின் முதல் ஆட்டம் எதிராளிக்கு.

நான் எழுந்துவிட்டேன். கை கயிற்றைப் பிடித்துவிட்டது. "சார், அது நான் எழுதினது" என்ற வார்த்தைகள் தொண்டையில் இருந்தன. நடுவர் இன்னும் மேசையைவிட்டு நகரவில்லை, சுற்று தொடங்கியாகிவிட்டது. நான் வாயைத் திறந்தால் அவளுக்குப் பாறை மட்டுமில்லை, அந்தச் சுற்றே போகும். திறக்காமல் இருந்தால் என் தவறை அவள் சுமக்கிறாள். அவள் என் பக்கம் திரும்பவில்லை. இடது உள்ளங்கையை மட்டும் மேசைக்கு மேலே லேசாக உயர்த்தினாள். அவள் ட்ரே எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது பேச வந்தால் காட்டுவாளே, அதே சைகைதான். நான் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலை எது என்று கேட்டால், அந்த நாற்காலியில் உட்கார்ந்ததைத்தான் சொல்வேன்.

நான்காம் சுற்று போனது. ஐந்தாவது கிடைத்தது. ஆறாவது போனது. கையில் நான்கு வெற்றி. மீதி ஒரே ஒரு சுற்று.

கடைசிச் சுற்றில் எதிரே உட்கார்ந்தவர் ஒரு கூரியர்காரர், அதற்குள் ஐந்து சுற்று ஜெயித்துவிட்டவர். கம்பெனிச் சட்டையோடே வந்திருந்தார். திரையைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னக்கா, ஆறுல ஒண்ணைக் காணோம்? லீவு போட்டுடுச்சா?"

"உடம்பு சரியில்ல தம்பி. வீட்ல படுத்திருக்கு."

"அஞ்சை வச்சுக்கிட்டு எப்படிக்கா சமாளிப்பீங்க?"

"மிச்ச அஞ்சும் அது வராத கோவத்துல இருக்கு. நீ உன்னைப் பாத்துக்கோ."

ஆறில் நான்கைத்தான், அதுவும் களத்தில் இரண்டிரண்டாகத்தான், ஒரு ஆட்டத்தில் இறக்கலாம் என்பதால் ஐந்தை வைத்தும் ஆடலாம். ஆனால் அவளுடைய திட்டம் முழுக்கப் பாறையைச் சுற்றிக் கட்டியது. நடுத்தூண் இல்லாத வீடு மாதிரி ஆகிவிட்டது. முதல் ஆட்டம் அவருக்கு. இரண்டாவது இவளுக்கு, மயிரிழையில்.

மூன்றாவது ஆட்டத்தில்தான் என் தங்கை யார் என்று பார்த்தேன். உலகத்தைத் தலைகீழாக்கும் பூதத்தை முதலிலேயே களத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். இதோ தலைகீழாக்கப் போகிறாள் என்று எதிராளி தன் முதல் இரண்டு அடிகளையும் அதைத் தடுப்பதிலேயே செலவு செய்தார். அவள் அந்த வித்தையைப் போடவே இல்லை. பாறை இல்லாமல் அதைப் போட்டு அவளுக்கு லாபமில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் வராத அடிக்குக் கையை ஓங்கிக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்ற இன்னொன்று அவருடைய பூதங்களை ஒவ்வொன்றாகச் சாய்த்தது. புரிந்தபோது அவரிடம் ஒன்று மட்டும் மிச்சம்.

"அக்கா, பயங்கரமான ஆளுக்கா நீங்க" என்று கை கொடுத்தார். "படுத்திருக்கறதுகிட்ட நான் கேட்டதா சொல்லுங்க."

ஐந்து வெற்றி பெற்றவர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு மீதி இருந்தது நான்கே இடம். யார் கடினமான எதிராளிகளோடு மோதினார்கள் என்று பார்த்து வரிசைப்படுத்த அரைமணி நேரம் ஆகும் என்றார்கள். நாங்கள் கேன்டீனில் போய் உட்கார்ந்தோம். அவள் ரொட்டியும் டீயும் வாங்கிவந்து என் முன்னால் தள்ளினாள். எனக்கு இறங்கவில்லை.

"அதை மாத்தினது நான்தான்" என்றேன். "நீ அசதியில திருப்பி எழுதிட்டேன்னு நினைச்சேன்."

"தெரியும்ணா. பாத்ததுமே தெரிஞ்சுது."

"ஏன் சொல்லல? சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களே."

"விட்டா என்ன பண்றது? இன்னைக்கு எனக்கு விட்டா, நாளைக்கு நிஜமாவே மாத்தி இறக்கறவனும் எங்கண்ணன் எழுதினதுன்னு வந்து நிப்பான். அப்புறம் அந்த விதிக்கு என்ன மரியாதை?" டீயை ஆற்றினாள். "அதுவுமில்லாம தப்பு என் மேலதான். எங்க வேலையில ஒருத்தர் அடுக்கினா இன்னொருத்தர் எண்ணணும். எண்ணாம மூடி முத்திரை போட்டா, போட்டவங்க தலைதான் உருளும். அங்க ஒருநாள்கூட நான் எண்ணாம போட்டதில்ல."

"இங்க மட்டும் ஏன் எண்ணல?"

என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நீ எழுதினதை நான் எண்ணுவேனா?"

நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். பதினொரு தாளில் அவள் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். சோம்பேறித்தனம் என்று நான் நினைத்திருந்தேன். என் தாயும் தகப்பனும்கூட என் கையிலிருந்து ஒன்றை இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியதில்லை.

"சரி, அழுது வைக்காத. அண்ணிக்குத் தெரிஞ்சா ஒரு வருஷத்துக்கு நம்ம ரெண்டு பேரையும் ஓட்டுவாங்க" என்று ரொட்டியில் பாதியைப் பிய்த்துக்கொண்டாள். "இனிமே என் நம்பர் தப்புன்னு தோணுச்சுன்னா ஒரு போன் போடு. ஆபரேஷனா நடக்குது, எடுக்காம இருக்க?"

"உங்க இடத்துல ஆபரேஷன்தானே நடக்குது?"

"மேல நடக்குதுண்ணா. நான் கீழ இருக்கேன்."

பலகையில் தாளை ஒட்டியதும் கூட்டம் முண்டியது. நான் உயரமானவன், தலைகளுக்கு மேலே பார்த்தேன். கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டு வந்தேன், தைரியமில்லாமல். பதினொன்றில் இல்லை. பத்தில் இல்லை. ஒன்பதில் கூரியர்காரர். எட்டில் இருந்தாள். முதல் மூன்று சுற்றையும் ஜெயித்ததால் பின்னால் பலமானவர்களோடு மோத வேண்டிவந்தது, அதுவே அவளைத் தூக்கிவிட்டது என்று யாரோ பக்கத்தில் விளக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. திரும்பி அவளுக்கு எட்டு விரலைக் காட்டினேன். அவள் தன் விரல்களால் எட்டை எண்ணிப் பார்த்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அழைப்பை வாங்க நடுவர் மேசை முன்னால் வரிசை நின்றது. எட்டாவது ஆளாக அவள் போனாள். பின்னாலேயே, அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்க வந்தவர்கள் இன்னொரு பத்துப் பேர். காலையில் பட்டியலைச் சோதித்த அதே நடுவர் ஒரு படிவத்தை நீட்டி, கடைசியில் இருந்த கோட்டைக் காட்டினார்.

"இங்க ஒரு கையெழுத்து மேடம்."

அவள் பேனாவை வாங்கிக் காதில் செருகிக்கொண்டாள். படிவத்தை எடுத்து முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். பெயர், வயது, பிரிவு, தேதி, நேரம், வர வேண்டிய வாசல் என்று ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் படித்தாள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள்.

"அக்கா, இது என்ன பரீட்சையா?" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல்.

"இருப்பா, எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்று இடது உள்ளங்கையைத் தூக்கினாள்.

நடுவர் சிரித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார். வரிசை முணுமுணுத்தது. அவளுடைய பை என் தோளில் இருந்தது. பாறை உட்பட ஆறும் அதற்குள்தான். அவள் எத்தனை பக்கம் படித்தாலும் நிற்கலாம் என்று நின்றுகொண்டிருந்தேன்.